ஞானசிகாமணி மூப்பர் திறந்த பக்கம்

வேதக்கோயிலில் நற்கருணைக் கிண்ணத்தைக் காணோம். கோயில் கூட்டுகிற லேயாள்தான் எடுத்திருப்பாள் என்று சபை நடுவே சொல்லிவிட்டார் ஞானசிகாமணி மூப்பர்.

"வேதத்துல ஓர் எழுத்துகூடத் தப்பு கிடையாது. கண்ணை மூடிக்கிட்டு வேதத்தைத் திறப்பேன். விரல் படுற வசனந்தான் தீர்ப்பு. மறுத்தா உனக்குச் சபையில இடமில்ல."

வியாழக்கிழமை இதே கோயிலில் லேயாளின் மகளுக்குக் கல்யாணம்.

மூப்பர் தன் வேதத்தைத் திறந்தார். திருடி ஒளித்தவனைக் கல்லெறிந்து கொன்ற இடத்தில் விரல் பட்டது. சனங்கள் லேயாளை விட்டு விலகி உட்கார்ந்தார்கள்.

"வசனம் தப்புன்னு சொல்லுதியா?"

"சொல்வேனாய்யா?" லேயாள் அவர் கையைப் பார்த்தாள். குருத்தோலை ஞாயிறன்று எல்லோரும் வேதத்துக்குள் வைக்கும் ஓலைச் சிலுவையின் நுனி, மூப்பரின் விரலிடுக்கில் தெரிந்தது. "உங்களப் பத்தியும் ஒருக்கா கேட்டுருங்க. கர்த்தர் உங்கள மெச்சுறதக் கேட்டுட்டுப் போறேன்."

மூப்பர் வேதத்தை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். போதகர் அதைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு திறந்தார்.

அதே பக்கம். அதே திருடன்.

"வேதம் தப்பாதே மூப்பரே!" என்றார் போதகர்.

மூப்பர் எட்டி அந்த ஓலையைத் தொட்டுக் காட்டினார். "அது கர்த்தர் திறந்ததில்ல போதகரய்யா! உள்ள நான் ஓலை வச்சிருக்கேன். அதான் அங்கேயே திறக்குது!"

லேயாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ எனக்கு மட்டும் கர்த்தர் திறந்தாராக்கும்?"