சொர்ணத்தாயி மறுபடி வேலைக்கு வந்த கதை

ராஜபாளையத்து நூல் மில் கேன்டீனில் சமைத்த சொர்ணத்தாயி ஓய்வு பெற்றாள். எடுக்காத லீவுக்கு வந்த பணத்தில் கணக்கு அதிகாரி தில்லைநாயகம் வரி பிடித்துவிட்டார்.

"வேலையை விட்டுப் போறவங்களுக்கு ஒரு வரம்பு வரைக்கும் வரி கிடையாதாமே, சார்?"

"வேலையில இருக்கிறவங்க லீவுப் பணம் வாங்கினா வரி உண்டு. எனக்குச் சட்டம் சொல்லித் தராதே."

மறுநாள் காலை அவள் கேன்டீன் அடுப்பைப் பற்றவைத்து, அவருக்குப் பிடித்த சுக்குக் காப்பியோடு வந்து நின்றாள்.

"நேத்துதானே மாலை போட்டு அனுப்பினோம்?"

"நான் இன்னும் வேலையில இருக்கேன்னுதானே வரி பிடிச்சீங்க? அதான் வந்துட்டேன். இந்த மாசச் சம்பளமும் போட்டிருங்க."

தில்லைநாயகம் ஒரு வாய் குடித்தார். சிரிப்பு வந்துவிட்டது. பிடித்த வரியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, "இன்னொரு டம்ளர் கிடைக்குமா, அம்மா?" என்றார்.

"கிடைக்கும் சார். ஆனா இனிமே எங்க வீட்டுக்குத்தான் வரணும்."