அடுக்கி வைத்த நான்கு ஸ்விட்ச்சுகள்

“நல்லா ஓடிட்டிருந்ததை ஏன் மேடம் பிடுங்கினீங்க?”

இன்பசேகரனின் குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

ரஹ்மத் நிஷா கையிலிருந்த மின்வயரைக் கீழே போட்டார்.

அந்த மருத்துவமனையின் நெட்வொர்க் முழுக்க நிஷாவின் பொறுப்பு. இன்பசேகரன் பாதி வாழ்க்கையை எலெக்ட்ரிகல் வேலையில் கழித்துவிட்டு, இந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவரிடம் வந்து சேர்ந்தவர். வயதில் மூத்தவர் வேறு. சின்னவரிடம் கற்றுக்கொள்ளும் எரிச்சல் தனி.

பச்சிளங் குழந்தைகள் பிரிவுக்காக, கருவிகளை இணைக்கும் நான்கு நெட்வொர்க் ஸ்விட்ச்சுகளை இன்பசேகரன் ஒன்றன்மேல் ஒன்றாக ரேக்கில் அடுக்கி, குட்டை ஒயர்களால் கோத்து, நான்கும் ஒரே கருவிபோல நடக்கும்படி செய்திருந்தார். அவருடைய முதல் தனி வேலை. திங்கட்கிழமை முதல் அந்தக் குழந்தைகளின் மூச்சும் துடிப்பும் அதன் வழியாகத்தான் நர்ஸ்களின் திரைக்கு வரும். தலைமை நர்ஸ் ஜெசிந்தாவிடம், கவலையே வேண்டாம் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

சரிபார்க்க வந்த நிஷா வரைபடத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. மேல் ஸ்விட்ச்சின் மின்வயரைப் பிடுங்கினார். சோதனைக்கு வைத்திருந்த திரைகள் எல்லாம் செத்தன. சர்வருக்குப் போகும் ஒரே லைன் அந்த ஸ்விட்ச்சில்தான் இருந்தது.

“திரும்பப் போடுங்க சார்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் இன்பசேகரன் அடி ஸ்விட்ச்சிலிருந்தும் சர்வருக்கு ஒரு லைன் இழுத்தார். போதுமா என்று கேட்கவில்லை. கேட்க மனசு வரவில்லை.

நிஷா வந்தார். இந்த முறை சுவரோரம் இருந்த யுபிஎஸ்ஸை அணைத்தார். நான்கு ஸ்விட்ச்சுகளுக்கும் அந்த ஒன்றிலிருந்துதான் மின்சாரம்.

ஜெசிந்தா பக்கத்திலேயே நின்றிருந்தார். அதைத்தான் இன்பசேகரனால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். அந்தம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகாது என்று மனைவியிடம் பொருமினார்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாவது யுபிஎஸ்ஸும் வைத்தாயிற்று. நிஷா வரும்போது ரேக்கை மறைத்துக்கொண்டு நின்றார்.

“ஒவ்வொண்ணா பிடுங்கிட்டே வந்தா எதுதான் நிக்கும்? சொல்லித்தரணும்னா வாயைத் திறந்து சொல்லித்தாங்க. அசிங்கப்படுத்தாதீங்க.”

நிஷாவுக்கும் கோபம் வந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சரி சார். இன்னைக்கு நீங்க வேணாம்னு சொல்றதைத் தொடலை. எதைத் தொடக் கூடாது, சொல்லுங்க.”

“ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல இருக்கிற ஒயர்.”

யோசிக்காமல் வந்துவிட்டது. சொன்னவர் அப்படியே நின்றார்.

அடி ஸ்விட்ச்சிலிருந்து மேல் ஸ்விட்ச்சுக்கு ஒரு நீள ஒயர் போட்டு வளையத்தை மூட வேண்டும். மூடினால், நடுவில் ஓர் ஒயர் போனாலும் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். மூடாவிட்டால் அந்த ஓர் ஒயர் போனதுமே அடுக்கு இரண்டாகப் பிளந்து, நான்தான் தலைமை என்று பாதியும் பாதியும் சண்டை போடும். நீள ஒயர் இன்னும் வந்து சேரவில்லை. வளையத்தை மூடாமலே விட்டு, மற்ற ஒயர்களை அழகாகக் கட்டி வைத்திருந்தார். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

“எப்பத்திலேருந்து தெரியும்?” என்று நிஷா கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அவ்வளவு கோபத்தை இன்பசேகரன் அவரிடம் பார்த்ததில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா, வரப்போகும் குழந்தைகளின் தொட்டில்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார்.

இன்பசேகரன் ரேக் பக்கம் திரும்பினார். நடு ஒயரின் திருகுகளைக் கழற்றினார். வெடுக்கென்று பிடுங்கினார்.

திரைகள் தடுமாறி நின்றன. ஜெசிந்தா, இந்தத் தடவை யார் பிடுங்கினது என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

“நான்தான் சிஸ்டர். திங்கட்கிழமை ஆரம்பிக்க வேணாம்.”