நோட்டீஸ் விழாத வாசல்

ஆலங்குளத்தில் அரிசி ஆலை முதலாளி நெல்லைநாயகம் ஒரு கவிஞர். பிறந்தநாள் தோறும் தம் கவிதைகளைப் புத்தகமாக அச்சிட்டு, யாரும் கேட்காமலே ஊரில் உள்ள எல்லா வீட்டுக்கும் அனுப்புவார். ஆனால் பல் வைத்தியம், மனை விற்பனை, புடவைத் தள்ளுபடி என்று அவர் வீட்டு வாசலில் நோட்டீஸ் விழுந்தால் மட்டும் தாம்தூம் என்று குதிப்பார்.

ஒருநாள் காவலாளியைக் கூப்பிட்டார்.

"ஏலே சுடலை! இனி ஒரு நோட்டீஸ்கூட உள்ள வரக் கூடாது. வந்தா உனக்கு வேலை கிடையாது. யாரையும் விரட்டி என் பேரைக் கெடுக்கவும் கூடாது, கேட்டியா?"

"சரிங்க முதலாளி."

ஒரு வாரம் ஆயிற்று. வாசலில் துண்டுக் காகிதம்கூட விழவில்லை. முதலாளிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"எப்படிலே?"

"நோட்டீஸோட வந்தவங்கள மரியாதையா உட்காரவச்சு, இந்த நோட்டுல விலாசம் எழுதச் சொன்னேன். எழுதினா முதலாளியோட கவிதைப் புத்தகம் வாராவாரம் வீட்டுக்கே வரும்னேன். நோட்டீஸைச் சுருட்டிக்கிட்டு ஓடிட்டாங்க."

முதலாளியின் முகம் சுருங்கியது. "ஒருத்தன்கூடவா எழுதலை?"

"ஒருத்தர் ஆசையா எழுதியிருக்காரு, முதலாளி."

முதலாளி ஆவலோடு நோட்டைப் பறித்துப் படித்தார்.

"மாடக்கண்ணு, பழைய பேப்பர் கடை. வாரம் பத்துக் கிலோ அனுப்பவும்."