ஒண்ணாம் நம்பர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர், போன், பிரிண்டர் என்று இருந்த அத்தனைக்கும் நெட்வொர்க் நம்பரும் பெயரும் தானாகவே கிடைக்கும்படி செய்து வைத்திருந்தாள் தங்கமணி. ஆனாலும் பத்து மணிக்கு மேனேஜர் வெற்றிவேலு வந்து உட்கார்ந்தால் நெட் செத்துவிடும். அவர் கிளம்பினால் உயிர் வரும். காரணம் அவளுக்கு முதல் நாளே தெரியும். சொன்னால் வேலை போய்விடும். அதனால் மூன்று நாளாகச் சும்மா வயரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உன் கோளாறு! சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலேன்னா நாளைக்கு வராதே!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார் மேனேஜர்.

தங்கமணி கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் நெட் கொடுக்கிற ரூட்டரோட நம்பரையே யாரோ அவங்க மெஷின்லயும் போட்டிருக்காங்க சார். ரெண்டும் மோதுதுங்க. ஆளைக் கண்டுபிடிச்சா என்னங்க பண்ணட்டும்?"

"எவனா இருந்தாலும் வயரைப் பிடுங்கு!"

அவள் நேரே போய் அவர் மேஜைக்கடியில் குனிந்து வயரைப் பிடுங்கினாள். நெட்டுக்கு உயிர் வந்து, ஆபீஸில் இருந்த போனெல்லாம் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன.

மேனேஜர் முகம் கறுத்தது. "நான் மேனேஜரும்மா. எனக்குப் போய் தானா வந்த நம்பர் நாப்பத்தேழா? அதான் ஒண்ணுன்னு மாத்திப் போட்டேன்."

"ஒண்ணாம் நம்பர் ரூட்டரோடதுங்க சார், எல்லார் வேலையையும் ஒத்தையா சுமக்குங்க," என்றாள் தங்கமணி அலுப்போடு. "உங்களுக்கு எதுக்குங்க பழக்கமில்லாத கஷ்டம்?"

சிரிப்பை அடக்க முடியாமல் ஆபீஸே இருமியது.