மல்லனுக்குக் கடைசிக் கவளம்

முன்னொரு காலத்தில் ஓர் அரண்மனையில், மல்யுத்தப் போட்டி முடிந்து மூன்று நாள் ஆகியும் யாரும் யாரையும் நேருக்கு நேர் பார்க்கவில்லை. அண்டை நாட்டு மன்னர் பார்த்திருக்க, அரண்மனை மல்லன் வீரபுத்திரன் களத்தின் நடுவே குனிந்து வாந்தி எடுத்துத் தோற்றிருந்தான்.

நான்காம் நாள் சபை கூடியது. மல்லன் தலை நிமிரவில்லை. அன்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு வாயும் திறக்கவில்லை.

"அரசே, இவனுக்குச் சமைத்தவள் காத்தாயி. அவளை மடைப்பள்ளிக்குக் கொண்டுவந்தவர் நம் விகடகவி சித்தையன்" என்றார் அமைச்சர் மங்கைபாகர். சித்தையன்மீது அவருக்கு நெடுநாள் பொறாமை. "மல்லனுக்குக் கடைசியாக உணவளித்த கைக்கு விலங்கு பூட்டி, நாடு கடத்த வேண்டும்."

அரசர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அப்படியே ஆகட்டும். சித்தையா, நீயே பூட்டு" என்றார்.

காத்தாயி அழுதாள். "சாமி, ரெண்டு மாசமா களியும் பயறும் மீனும் குடுத்தேன். போட்டியன்னிக்கு, ஒரு ஜாமம் முன்னாலயே அரிசிக் கஞ்சி, ரெண்டு வாழைப்பழம். அப்புறம் உப்புப் போட்ட நீர்மோர் மட்டுந்தான். நெய்யைக் கண்ணுலகூடக் காட்டல."

"கஞ்சியா! அதுதான் அவனைக் கவிழ்த்திருக்கிறது" என்றார் அமைச்சர்.

"சோதித்துவிடலாம்" என்றான் சித்தையன். "அதே கஞ்சியை அமைச்சர் குடிக்கட்டும். ஒரு ஜாமம் கழித்துத் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடட்டும். விழுந்தால் என்னையும் சேர்த்து நாடு கடத்துங்கள்."

விழுந்தால் போதுமே! அமைச்சர் மகிழ்ச்சியோடு குடித்தார்.

குளக்கரையில் பத்தடி ஓடியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாயப் பார்த்தார். சித்தையன் தொழுவத்துக் காளையை அவிழ்த்துவிட்டான். அமைச்சர் அங்கவஸ்திரத்தை உதறிவிட்டு மூன்று சுற்று ஓடினார்.

"குமட்டுகிறதா, அமைச்சரே?" என்று கரையிலிருந்து கேட்டான் சித்தையன்.

"இல்லையப்பா, இல்லை! முதலில் மாட்டைப் பிடி!"

அரசர் அன்றுதான் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

சித்தையன் வாங்கவில்லை.

"மன்னிக்க வேண்டும், அரசே. கஞ்சியில் குற்றமில்லை. அப்படியானால் அதற்குப் பிறகு வேறொரு கை மல்லனுக்கு ஊட்டியிருக்கிறது. அந்தக் கைக்கு விலங்கு பூட்டுவது எனக்கிட்ட கட்டளை. அது எந்தக் கை என்று தெரியும்வரை, எந்தக் கை தரும் பரிசையும் நான் தொடலாகாது."

நீட்டிய கை அப்படியே நின்றது. சுற்றியிருந்தவர்களின் சிரிப்பும் நின்றது.

"விட்டுடுங்கண்ணே" என்றான் மல்லன், குனிந்தபடியே. "நானே கண்டதையும் தின்னேன்னு வச்சுக்குங்க. நானே எல்லையத் தாண்டிப் போயிடறேன். அந்தம்மாவ விட்டுடுங்க."

அரசர் அவன் பக்கம் திரும்ப முயன்றார். முடியவில்லை. காத்தாயியின் கைகளைப் பார்த்துத்தான் பேசினார். குரல் மிகவும் சிறியதாக இருந்தது.

"களத்துக்குப் புறப்படும் நேரத்தில் அவனைப் பார்க்கப் போனேன். என் பிள்ளை அரைவயிற்றோடு போகிறானே என்று தோன்றியது. அரசன் கவளத்தை நீட்டினால், போதும் என்று அவன் எப்படிச் சொல்வான்? ஒரு தட்டு நெய்ப்பொங்கல். நான்தான் ஊட்டினேன்."