சவரக்கத்திக்கு மூணு கோட்டு

ஆண்டவன் புத்தி பங்கு வைத்த அன்றைக்கு ஊரே வரிசையில் நின்றதாம். பக்கத்துத் தெருவில் பந்தி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வரிசையை விட்டு ஓடியவர்கள் மூன்றே பேர். மூவரும் ஓடைக்கரைப்பட்டிக்காரர்கள்.

ஒருவன் சடையாண்டி. இன்னொருவன் அவன் மச்சினன் பூச்சியப்பன். மூன்றாமவர் வயதில் மூத்த ஒண்டிமுத்து. மூவருக்கும் ராசப்பன் மேஸ்திரி பட்டறையில் வேலை. சவரக்கத்திக்கு மரப்பிடி செய்யும் பட்டறை அது. செதுக்குவதில் மூவரும் கெட்டிக்காரர்கள். கையின் போக்கில் விட்டால் வேலை அருமையாக வரும். யோசிக்க ஆரம்பித்தால்தான் வம்பு.

அய்யனார் கோயில் திருவிழா நெருங்கியது. அங்கே மொட்டை போடுகிற மருதையன் தன் மூன்று கத்திகளுக்கும் புதுப் பிடி கேட்டிருந்தார். கருங்காலியில் பிடி தயார். பசை பூசி மினுமினுப்பு ஏற்றுவதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் மகளுக்குப் பிரசவ வலி என்று செய்தி வந்தது. மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"சடையாண்டி, நீதான் பொறுப்பு. புட்டியில இருக்கிற பசை பட்டுன்னு பிடிச்சுக்கும், கை படக் கூடாது. பிடிக்கு ஒரு பொட்டு வச்சு மெல்லிசா இழுத்து விடு. மூணு கோட்டு போடணும். ஒரு கோட்டு காஞ்சப்புறம்தான் அடுத்த கோட்டு. உப்புத்தாளை நனைச்சுத் தேய்க்கணும். முகம் தெரியுற மாதிரி பளபளன்னு இருக்கணும். முடிஞ்சதும் வாயை மூடி வை, திறந்து கிடந்தா கல்லாயிடும். புரியுதா?"

"புரியுது மேஸ்திரி!" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மேஸ்திரி வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆனால் பஸ் வந்துவிட்டது.

சடையாண்டிக்குத் தரையில் கால் பாவவில்லை. 'நீதான் பொறுப்பு' என்று அவன் கல்யாணத்தில்கூட அவனிடம் யாரும் சொன்னதில்லை. இந்த வேலையைப் பிசகில்லாமல் முடித்துவிட்டால் ஊர் தன்னைச் சின்ன மேஸ்திரி என்று கூப்பிடும் என்று நினைத்தபோதே அவனுக்குக் கண் கலங்கியது.

"முதல்ல கோட்டு. பிடிக்கு மூணு கோட்டு போடணும்னாரு. யாரு போடுறது?" என்றான்.

"பிடிக்குத்தான் போடணும்" என்றான் பூச்சியப்பன்.

ஒண்டிமுத்து ஒரு பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்குக் கையே இல்லையேப்பா. கை இல்லாதது எப்படிக் கோட்டு போடும்?"

"அப்ப பிடியைப் பிடிக்கிறவன்தான் போடணும்" என்று தீர்ப்புச் சொன்னான் சடையாண்டி. மற்ற இருவரும் மலைத்துப்போனார்கள். பொறுப்பு என்றால் சும்மாவா!

ஊரில் கோட்டு இருந்தது பேண்டு வாத்தியக்காரர்களிடம் மட்டும்தான். கெஞ்சிக் கூத்தாடி மூன்று வாங்கி வந்தார்கள். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், உள்ளே வழுவழுவென்று பட்டுத் துணி. அதிலும் ஒரு சிக்கல்.

"மச்சான், ஒரு கோட்டு காஞ்சப்புறம்தான் அடுத்ததுன்னாரு. இது காஞ்சுதானே இருக்கு. இனிமே எப்படிக் காயும்?"

"நனைச்சாக் காயும் மாப்ளே."

ஒவ்வொன்றாகத் தொட்டியில் முக்கினார்கள், வெயிலில் காயப் போட்டார்கள், எடுத்துச் சடையாண்டிக்கு மாட்டினார்கள். மூன்றாவது கோட்டு ஏறியபோது சித்திரை வெயிலில் அவன் வெந்த பனங்கிழங்கு மாதிரி இருந்தான். ஆனாலும் முகத்தில் ஒரு களை.

இதற்கிடையில் ஒண்டிமுத்து பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் உப்பைத் தூவித் தண்ணீரில் நனைத்தார். உப்பு கரைந்துபோனது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "கொஞ்சம் தூக்கல்தான்" என்றார்.

அடுத்தது பொட்டு.

"பிடிக்கு நெத்தி எதுண்ணே?" என்று ஒண்டிமுத்துவைக் கேட்டான் பூச்சியப்பன்.

"கத்தி மடங்குற பக்கம் கழுத்து. அப்ப அதுக்கு மேல நெத்தி."

கை படக் கூடாதல்லவா? சடையாண்டி இரண்டு கைகளையும் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு, உள்துணி வெளியே வரும்படி மடித்த வெறும் கோட்டுக்கையால் பிடிகளைப் பிடித்தான். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, மடியில் புரட்டிவிட்ட கோட்டு ஓரத்தில் ஒன்று. பூச்சியப்பன் பயபக்தியோடு பொட்டு வைத்தான். ஒவ்வொரு பொட்டும் பணியாரம் அளவு. பசை வழிந்து, மேஸ்திரி சொன்னபடியே பட்டென்று பிடித்துக்கொண்டது, பிடியை அல்ல, கோட்டை.

"இழுத்து விடணும்னாரே!" என்று ஞாபகப்படுத்தினார் ஒண்டிமுத்து.

இழுத்தார்கள். வலக்கையை ஒண்டிமுத்து இழுக்க, இடக்கையைப் பூச்சியப்பன் இழுக்க, நடுவில் சடையாண்டி தேர் மாதிரி ஆடினான். "மெல்லிசா! மெல்லிசா இழுங்கப்பா!" என்று அவன் கத்தக் கத்த, கோட்டின் உள்துணி பிடிகளின்மேல் முன்னும் பின்னும் போய்வந்தது. பசை நூல் பிசகாமல் பரவியது. பட்டுத் துணி உரச உரச மெருகு ஏறியது. கடைசியில் துணி பர்ரென்று கிழிந்து பிடிகள் கழன்று உருண்டன. கருங்குளத்தில் நிலா விழுந்த மாதிரி மூன்றும் ஜொலித்தன. மேஸ்திரி கையால்கூட அப்படி ஒரு மினுமினுப்பு வந்ததில்லை.

பூச்சியப்பன் ஒரு பிடியைக் குனிந்து பார்த்தான். பார்த்தவன் அலறினான்.

"மச்சான், என் மூஞ்சி! உள்ளாற என் மூஞ்சி இருக்கு!"

"பசை காயுறதுக்குள்ள எவண்டா உன்னைப் பார்க்கச் சொன்னது? ஒட்டிக்கிச்சு பாரு!" சடையாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "மருதையண்ணன் கத்தியில உன் மூஞ்சி இருந்தா அவரு என்ன நினைப்பாரு?"

"நல்ல மூஞ்சிதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று சமாதானம் செய்தார் ஒண்டிமுத்து. "மத்த ரெண்டையாவது பார்க்காம இருங்க. வேலை முடிஞ்சுது. வாயை மூடுங்க, கல்லாயிடும்."

மூவரும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்கள். பசைப் புட்டி மூலையில் திறந்தபடி கிடந்து நிம்மதியாகக் கல்லானது.

சாயங்காலம் மருதையன் வந்தபோது, மூவரும் வாய் திறக்காமல் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னப்பா, வீட்டுல ஏதும் துக்கமா?"

இல்லை என்று மூன்று தலைகள் ஆடின.

"சண்டையா?"

இல்லை. சடையாண்டி முகத்தைத் திருப்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டிப் பிடிகளைக் கொடுத்தான். வாங்கிப் பார்த்த மருதையன் அசந்துபோய் "அட!" என்று வாயைப் பிளந்தார். ஒண்டிமுத்து பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினார். தன்னால் ஒரு நல்ல மனுஷன் கல்லாகிவிடக் கூடாதே!

அவர் கையை விலக்கிவிட்டு, மருதையன் பிடிகளோடு வந்த வழியே ஓடினார்.

திருவிழா வந்தது. கோயில் வாசலில் மருதையனின் புதுப்பிடிக் கத்தியைப் பார்க்கவே கூட்டம். சடையாண்டி பக்கத்திலேயே நெஞ்சை நிமிர்த்தி நின்றான். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் இருந்த மேஸ்திரியும் வந்து, பிடியைத் தடவிப் பார்த்து, ஒன்றும் புரியாமல் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அதற்குமேல் என்ன வேண்டும்? அந்தக் குஷியில் பூச்சியப்பனை முதல் மொட்டைக்கு உட்கார வைத்தான்.

பூச்சியப்பனுக்குத் தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி தலைமுடி. மருதையன் பத்தே இழுப்பில் வழித்தெடுத்துச் சந்தனம் பூசினார். பூச்சியப்பன் தன் முகம் சௌக்கியமா என்று விசாரிக்க, அன்றைக்கு முகம் ஒட்டிக்கொண்ட அதே பிடியை வாங்கிப் பார்த்தான்.

"மச்சான், என்னைக் காணோம்! உள்ளாற எவனோ ஒரு மொட்டையன் இருக்கான்!"

சடையாண்டி எதிரில் இருந்தவனை ஏற இறங்கப் பார்த்தான். மொட்டைத்தலை, சந்தனம். முன்பின் பார்த்த ஆளாகத் தெரியவில்லை.

"நீங்க யாருங்க? எங்க பூச்சியப்பனைப் பார்த்தீங்களா?"

"இப்பத்தான், கொஞ்சம் முன்னாடி இங்கதாங்க உக்காந்திருந்தான்" என்றான் பூச்சியப்பன் அழுகையை அடக்கிக்கொண்டு.

ஒண்டிமுத்து குளத்தங்கரைக்கு ஓடினார். சடையாண்டி பொங்கல் பானைகளுக்கு நடுவே "மாப்ளே, மாப்ளே" என்று தேடினான். பூச்சியப்பனின் அக்காவான தன் பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வது? மூவரில் உயிரைக் கொடுத்துத் தேடியவன் பூச்சியப்பன்தான். தேரடி, ராட்டினம், சோற்றுப் பந்தி ஒன்றையும் விடவில்லை. எங்கும் கிடைக்காமல், மூச்சிரைக்க ஒலிபெருக்கிப் பந்தலுக்கு ஓடினான்.

சற்று நேரத்தில் திருவிழா மைதானம் முழுக்கக் கணீரென்று கேட்டது:

"பக்தகோடிகளுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. ஓடைக்கரைப்பட்டி பூச்சியப்பன் என்பவரைக் காணவில்லை. அடையாளம், தலை நிறைய முடி. அவர் எங்கிருந்தாலும் உடனே ஒலிபெருக்கிப் பந்தலுக்கு வரவும். இங்கே அவருக்காக அழுதுகொண்டு காத்திருப்பவர், ஓடைக்கரைப்பட்டி பூச்சியப்பன்."