மனோரஞ்சித வேலி

“முப்பத்தொன்பதாவது நாள் போச்சும்மா,” என்றார் குத்தாலிங்கம்.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எப்படிப் போச்சு அண்ணாச்சி?”

“பால்காரன் தண்ணி கலந்திருந்தான். நான் வாயை விட்டுட்டேன்.”

“பால் எப்படி இருந்துச்சு?”

“தண்ணியாத்தாம்மா இருந்துச்சு!” என்றார். குரல் மறுபடி ஏறிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த மலையடிவார ஆசிரமத்தில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். வடிவம்மைக்கு நாற்பத்துமூன்று. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். குத்தாலிங்கத்துக்கு அறுபத்தொன்று. முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். ஒரு நிமிஷம் பிந்தி வந்த டிரைவரைக்கூட அவர் சும்மா விட்டதில்லை.

பஸ்ஸோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மகள் தெய்வானை கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் இருபது நிமிஷம் தாமதமாக வந்தார்கள். மனிதர் நேரே போய் மைக்கைப் பிடித்தார். பெற்றவர் வாயால் பேசக்கூடாததையெல்லாம் பேசினார். சம்பந்தி கை நனைக்காமல் எழுந்து போனார்.

“உங்க கோவம் போன பொறவு எங்க வீட்டுக்கு வாங்கப்பா,” என்று சொல்லிவிட்டு மகள் சுரண்டைக்குப் போய்விட்டாள்.

அவரும் வைராக்கியக்காரர். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், கோபப்படாமல் இருந்துவிட்டுத்தான் மகள் வாசலை மிதிப்பது என்று சங்கற்பம் செய்துகொண்டார். ஆசிரமத்துக்கு வந்து ஒரு சிலேட்டை ஆணியில் மாட்டினார். நாளுக்கு ஒரு கோடு. கோபம் வந்தால் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். பழைய குருடி கதவைத் திறடி.

“நான் உருப்பட வழி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கம்மா.”

வடிவம்மை கீரைக் கட்டோடு எழுந்து வெளியே காட்டினார். தோட்டத்துக்கும் சாலைக்கும் நடுவே ஒரு கம்பி வேலி. அந்தப் பக்கம் குவாரி லாரிகள் போகும். இந்தப் பக்கம் புழுதி வரும்.

“அந்த வேலியை மறைக்க ஒரு கொடி பாருங்க அண்ணாச்சி. வருஷம் பூரா பச்சையா நிக்கணும்.”

“என் கேள்விக்குப் பதில்?”

“வேலி நாப்பது கல்லுக்கால் நீளம். நெறைய வேலை இருக்கு.”

*

வேலை என்று சொன்னால் குத்தாலிங்கம் விடமாட்டார்.

சங்குப்பூ போட்டார். நீலமாய்ப் பூத்தது. அம்மையைக் கூட்டிவந்து காட்டினார். மாசியில் காய்ந்து கம்பியில் சருகாய்த் தொங்கியது.

கோவைக்கொடி போட்டார். கிளிகள் வந்தன. கோடையில் கொடி மண்ணுக்குள் போய்விட்டது. கிளிகளும் போய்விட்டன.

சீந்தில் போட்டார். “சாகாத கொடிம்மா, வெட்டிப் போட்டாலும் தழைக்கும்.” அது சாகவில்லைதான். பங்குனியில் ஓர் இலை இல்லாமல், கம்பியோடு இன்னொரு கம்பியாக நின்றது.

ஒவ்வொரு தடவையும் அம்மை வந்து பார்த்தார். “ம்” என்றார். போய்விட்டார்.

நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர்தான் சொன்னார்: “மனோரஞ்சிதம் வைங்க. கெட்டி இலை. வளர நாளாகும். வளந்துட்டா வேலிக்குக் கவலை இல்லை.”

வைத்தார். குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றினார். மூன்றாவது வருஷம் மனோரஞ்சிதம் வேலியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஏறிவிட்டது. சித்திரை வெயிலில் ஊரே கருகிக் கிடக்க, வேலி மட்டும் பச்சென்று நின்றது. குத்தாலிங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒருநாள் விடிகாலை வேலியடியில் ஒரு மஞ்சள் இலை கிடந்தது.

பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு.

 பச்சையாய் நிற்கிற கொடி என்றால் இலை உதிராத கொடி என்பதுதான் அவர் கணக்கு. இதுவும் ஏமாற்றிவிட்டதா? மூன்று வருஷம் சுமந்த தண்ணீர் அவ்வளவும் வீணா?

சுற்றும் முற்றும் பார்த்தார். இலைகளைத் துண்டில் பொறுக்கிக் கட்டினார். மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஒரு சாக்கு இருந்தது. அதற்குள் திணித்தார்.

மறுநாளும் உதிர்ந்தது. மறுநாளும் பொறுக்கினார்.

அம்மை எழுந்து வருவதற்குள் வேலியடி துடைத்துவிட்டாற்போல் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் தினமும் செய்தார். முதல் சாக்கு நிரம்பியது. இரண்டாவது நிரம்பியது. மூன்றாவதை எடுத்தார்.

*

அந்தச் சமயத்தில்தான் சுரண்டையிலிருந்து பத்திரிகை வந்தது. பேத்திக்குக் காது குத்து. கீழே பேனாவால் தெய்வானை எழுதியிருந்தாள்:

‘அப்பா, எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் இல்லை. நீங்கள் வந்தால் உங்கள் மடி.’

குத்தாலிங்கம் ஓடிப்போய் சிலேட்டைப் பார்த்தார். முப்பத்தெட்டுக் கோடு. விரல் விட்டு எண்ணினார். காது குத்து வெள்ளிக்கிழமை. முந்தின நாள் வியாழக்கிழமையோடு நாற்பத்தெட்டு நிறைகிறது. ஒரு நாள் முன்னேயில்லை, பின்னேயில்லை. டைம் கீப்பருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சிரித்துக்கொண்டே அழுதார்.

பத்து நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடமாடினார். பால்காரனைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை வேலியடியில் இலை பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு குவாரி லாரி ஓரம் கட்டி வந்து, கடைசிக் கல்லுக்காலை இடித்துவிட்டு நின்றது. கொடி ஒரு முழத்துக்குப் பிய்ந்தது.

“ஏலே! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?” என்று தொடங்கினார் குத்தாலிங்கம். தொடங்கியவர் அந்த டிரைவரின் அப்பன், பாட்டன், லாரி, லாரி முதலாளி ஒருவரையும் விடவில்லை.

டிரைவர் கதவைத் திறந்தான். இறங்கினான். கல்லுக்காலை நிமிர்த்தி, காலால் மண்ணை மிதித்துவிட்டு, ஏறிப் போய்விட்டான்.

புழுதி அடங்கியது. அப்போதுதான் குத்தாலிங்கத்துக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

மெல்ல நடந்துபோய் சிலேட்டைக் கழற்றினார். நாற்பத்தேழு கோடு. துண்டை நனைத்தார். 

“அண்ணாச்சி, கொட்டிலுக்குப் பின்னால மூணு சாக்கு இருக்கே. அது என்ன?”

வடிவம்மை ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அவருக்கு வெறுத்துவிட்டது.

“இலைம்மா. மனோரஞ்சித இலை. தினமும் உதிருது. ஒங்களுக்குத் தெரியாம நான்தான் பொறுக்கி ஒளிச்சு வச்சேன். அந்தக் கொடியும் பொய். நானும் பொய். இன்னைக்கும் கத்திட்டேன். என் பேத்திக்கு நாளைக்கு மடி இல்லை.”

சொல்லிவிட்டுக் குழந்தையைப்போல அழுதார்.

அம்மை சாக்குக்குள் கையை விட்டு ஓர் இலையை எடுத்தார். அவர் கையில் கொடுத்தார்.

“இந்த இலை எங்க இருந்து விழுந்துச்சு?”

“வேலியில இருந்துதான்.”

“விழுந்த எடத்தைக் காட்டுங்க.”

“அம்மா…”

“மூணு சாக்கு விழுந்திருக்கு. மூணு சாக்கு ஓட்டை இருக்கணும்லா? ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, போதும்.”

குத்தாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். கல்லுக்கால் கல்லுக்காலாகப் பார்த்தார். கொடியை விலக்கினார். காம்பு ஒடிந்த வடு இருந்தது. வடுவை ஒட்டி, செம்பு நிறத்தில், நகமளவுக்கு ஒரு தளிர் இருந்தது. அடுத்ததைப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். குனிந்தும் பார்த்தார், எக்கியும் பார்த்தார். காலையில் லாரி பிய்த்த இடத்தில்கூடப் பக்கத்துக் கொடி சரிந்து மூடியிருந்தது.

நாற்பதாவது காலுக்கு வந்துசேர்ந்தபோது சாலையில் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்.

லாரி தெரியவில்லை. வேலிதான் தெரிந்தது.

கையில் அந்த ஒற்றை இலையோடு அப்படியே நின்றார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கொட்டிலில் மாடு திரும்பிப் பார்த்தது.

திரும்பி வந்தவர் சிலேட்டை எடுத்து அம்மையிடம் நீட்டினார்.

“தண்ணிப் பானைக்கு மூடி இல்லைன்னு சொன்னீங்கள்லா? இதை வச்சுக்கிடுங்க.”

“அழிக்கலையா?”

“எதுக்குங்கம்மா?”

*

ஒரு வேட்டி, ஒரு சட்டை, பேத்திக்கு வாங்கி வைத்திருந்த பாவாடை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலைக்கு வந்தார். சுரண்டை பஸ் மூன்று மணிக்குத்தான் என்று அவருக்கு மனப்பாடம். அதுவரை நிற்க மனம் கேட்கவில்லை.

காலையில் பார்த்த அதே லாரி லோடு ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தது. குத்தாலிங்கம் நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தார். டிரைவர் பயந்துபோய் பிரேக்கை அழுத்தினான்.

“தம்பி, காலையில வாய் நீண்டு போச்சு. மனசுல வச்சுக்கிடாத. சுரண்டைப் பக்கமா போற?”

டிரைவர் அவரையும் அவர் பையையும் பார்த்தான். கதவைத் திறந்தான்.

“ஏறுங்க பெரியவரே. இன்னும் கொஞ்சம் திட்டணும்னா போற வழியில திட்டிக்கிடலாம்.”

இத்தனை வருஷம் எந்தப் புழுதியை மறைக்கப் பாடுபட்டாரோ, அந்தப் புழுதியில் தலைமுதல் கால்வரை குளித்து, மகள் வீட்டு வாசலில் இறங்கினார். பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். தெய்வானை இடுப்பில் பிள்ளையோடு வெளியே வந்தாள். 

“கோவம் போயிட்டுதாப்பா?”

“இன்னைக்குக் காலையிலகூட வந்துச்சும்மா,” என்றார். “வந்துச்சு, உதிர்ந்துட்டுது. நான் கிளம்பி வந்துட்டேன்.”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அப்பா தன் கோபத்தை ஒத்துக்கொண்டு அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

“காது குத்து நாளைக்குத்தானே. இன்னைக்கே வந்துட்டீங்களே?”

“முந்தி வந்தா தப்பா?”

“தப்பில்லை. ஆனா சொல்லிப்புடுதேன். எங்க மாமனார் நாளைக்கும் லேட்டாத்தான் வருவாரு.”

குத்தாலிங்கம் பந்தலுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேட்டியைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, பிள்ளையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

“வரட்டும்மா. மடி இங்கதான இருக்கு.”